மரப் பொய்யர்கள்

பிரிட்டனில் ஆர்டினன்ஸ் சர்வே என்றொரு அரசு அமைப்பு உண்டு. நம் ஊர் சர்வே ஆஃப் இந்தியா மாதிரி. மலை, ஆறு, தேவாலயம், குட்டிச்சுவர், கிணறு என்று கண்ணில் பட்ட சகலத்தையும் அளந்து வரைபடமாகப் போட்டு விற்பதுதான் வேலை. உலகத்திலேயே துல்லியமான வரைபடங்களில் அவர்களுடையதும் ஒன்று. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆனால் 1880களின் இறுதியிலிருந்து அந்த வரைபடங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் வர ஆரம்பித்தது. இதில் ஒரு சாலையோ, தடமோ, நடைபாதையோ காட்டப்பட்டிருக்கிறது என்பதற்காக, அதில் போகும் உரிமை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதுதான் சாரம்.

புரிகிறதா? பாதை இருக்கிறது. பார்த்தோம், வரைந்துவிட்டோம். போகலாமா என்று மட்டும் எங்களைக் கேட்காதே.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. அடிதடி, கைது, கோர்ட், ஜெயில் எல்லாம் இருக்கிறது. மூடப்பட்ட பாதையை, அனுமதி இல்லாத பாதையை, பொதுமக்கள் கையில் கொடுக்கிற வரைபடத்தில் காட்டலாமா, கூடாதா? கேள்வி என்னவோ எளிமையானதுதான். காட்டினால் ஜனங்கள் போவார்கள். விழுவார்கள், தொலைவார்கள், காட்டைக் கெடுப்பார்கள் என்கிறது ஒரு கட்சி. காட்டாவிட்டால், யார் மூடினார்கள், எதற்கு மூடினார்கள் என்று யாருக்கும் கடைசிவரை தெரியாமல் போய்விடும் என்கிறது இன்னொரு கட்சி.

இரண்டுமே நிஜம். அதுதான் சிக்கல்.

* * *

முதலில் ஒரு விஷயம். வரைபடம் என்பது உங்களுக்காகவும் எனக்காகவும் பிறந்த சமாசாரம் இல்லை. ராணுவத்துக்காகப் பிறந்தது.

1745-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கலகம். அடுத்த வருஷமே கல்லோடன் என்ற இடத்தில் அதை அடக்கிவிட்டார்கள். அடக்கிய பிறகுதான் ராணுவத்துக்கு உறைத்தது. மலைக்குள் எந்தப் பாதை எங்கே போகிறது என்று கலகக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. எடு, வரைபடத்தை! வில்லியம் ராய் என்பவர் பொறுப்பில் 1747 முதல் 1755 வரை ஸ்காட்லாந்தை அளந்தார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக 1791-ல் ஆர்டினன்ஸ் சர்வே வந்தது. ஆர்டினன்ஸ் என்றால் பீரங்கித் தளவாடம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1801-ல் வெளியான முதல் வரைபடம், கென்ட் மாவட்டத்துடையது. ஏன் கென்ட்? பிரெஞ்சுக்காரன் கடல் தாண்டி வந்தால் முதலில் கால் வைக்கிற இடம் அதுதான்.

அதற்கு அடுத்த வருஷம், 1802-ல், நம் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தார். அங்கே போட்ட அதே முக்கோணக் கணக்குதான் இங்கேயும். அளக்கிற புத்தியும் ஆள்கிற புத்தியும் அந்தக் காலத்தில் ஒரே கப்பலில்தான் பயணம் செய்தன.

1841-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சர்வே ஆட்கள் யாருடைய நிலத்துக்குள்ளும் நுழைந்து அளக்கலாம். தடுக்கக்கூடாது. ஆக, பிரபுவின் தோட்டமானாலும் அளக்கிறவன் போகலாம். அவன் வரைந்த கோட்டைப் பார்த்துவிட்டு நடக்கிறவன் போகக்கூடாது. ஓரத்தில் இருந்த அந்தப் பொடி எழுத்து வாசகத்தின் பூர்வீகம் இதுதான்.

சர்வேயரைத் திட்டியும் பிரயோசனமில்லை. கண்ணுக்குத் தெரிவதை வரைவது அவர் தொழில். உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது கோர்ட்டின் தொழில். நியாயமான பிரிவினைதான். கோர்ட் நியாயமாக இருந்திருந்தால்.

* * *

கோர்ட் எப்படி இருந்தது?

அதற்கு முன்னால் நிலம் எப்படிக் கை மாறியது என்று பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தையும் வயல்களையும் வேலி போட்டுத் தனியார் சொத்தாக்க 1604-லிருந்து 1914-க்குள் 5,200-க்கும் அதிகமான சட்டங்களைப் போட்டிருக்கிறார்கள். அதில் அடங்கிய நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். எல்லாமே சட்டப்படிதான். ஒரு கையெழுத்து விடவில்லை.

வேலி போட்ட பிறகும் நடுவே ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. தாத்தா நடந்தது, அவருக்குத் தாத்தா நடந்தது. சந்தைக்கு, சர்ச்சுக்கு, வேலைக்குப் போகிற வழி. பிரபுவுக்கு இது பெரிய இம்சை. ஜன்னலைத் திறந்தால் புல்வெளிக்கு நடுவே எவனோ மூட்டையோடு போய்க்கொண்டிருப்பான். இதற்கும் 1815-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்து, இந்தப் பாதை தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டால் போதும். பாதை காலி.

யார் அந்த மாஜிஸ்திரேட்டுகள்? வேறு யார், அக்கம்பக்கத்து நிலப்பிரபுக்கள்தான். இன்றைக்கு உன் பாதைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், நாளைக்கு என் பாதைக்கு நீ போடு. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிளிக்ஸ்டன் என்ற ஊரில் பாதையை மூடிய நிலப்பிரபு, தானே ஒரு மாஜிஸ்திரேட். ஊர்க்காரர்கள் விடவில்லை. கேஸ் போட்டார்கள். அந்த ஆத்திரத்தில் 1826-ல் மான்செஸ்டரில் பழைய நடைபாதைகளைக் காக்க ஒரு சங்கமே பிறந்தது. பாதைக்காக ஒரு சங்கம்!

1896-ல் போல்டன் நகரத்தில் இன்னொரு கூத்து. வின்டர் ஹில் என்ற மேட்டுக்குப் போகிற பாதையை, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒரு கர்னல், கேட் போட்டு மூடினார். செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமார் பத்தாயிரம் பேர் கிளம்பிப் போய் கேட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்த வருஷம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தது கர்னல்.

* * *

இப்போது கிண்டர் ஸ்கவுட்டுக்கு வரலாம். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே 636 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி. மரமே கிடையாது. கறுப்புச் சேறும் புல்லும் காற்றும்தான். இதற்கா சண்டை என்று தோன்றும்.

ஆனால் இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று பாருங்கள். ஒரு பக்கம் மான்செஸ்டரின் பஞ்சு மில்கள். இன்னொரு பக்கம் ஷெஃபீல்டின் எஃகு உலைகள். வாரத்துக்கு ஆறு நாள் புகைக்குள் கிடக்கிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு விடுவதற்கு ரயில் ஏறிப் போனால் எட்டுகிற இடம் அது. போனால்? மலை டெவன்ஷைர் பிரபுவுக்கும் இன்னும் சில முதலாளிகளுக்கும் சொந்தம். அவர்கள் அங்கே கிரௌஸ் என்ற கௌதாரி ஜாதிப் பறவையை வளர்த்தார்கள். ஆகஸ்ட் 12-ம் தேதி சீசன் ஆரம்பம். வருஷத்தில் சில நாள் துப்பாக்கியோடு வந்து சுடுவார்கள். மீதி நாளெல்லாம் கம்பும் நாயுமாகக் காவல்காரர்கள்.

ஓரத்தில் ஒரு பாதை மட்டும் உண்டு. ஹேஃபீல்டிலிருந்து வில்லியம் கிளஃப் என்ற பள்ளத்தாக்கு வழியாகப் போவது. நடைபாதைச் சங்கத்துக்காரர்கள் பேசிப் பேசி 1897-ல் திறக்கவைத்தது. அதைத் தாண்டி மேலே காலை வைத்தால் அறிவிப்புப் பலகை தடுக்கும். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவார்கள்!

இதில்தான் வேடிக்கை. அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி ஒருவர் நிலத்தில் சும்மா நடந்து போவது குற்றமே இல்லை. நிலத்துக்காரர் வேண்டுமானால் சிவில் கேஸ் போட்டு, நடந்ததால் என்ன நஷ்டம் என்று நிரூபித்து வாங்கிக்கொள்ளலாம். போலீஸ் தண்டிப்பதற்கு ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பலகைகளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மரப் பொய்யர்கள்.

பென்னி ராத்மன் விஷயம் தெரிந்தவர். மான்செஸ்டர் மெக்கானிக். வயது இருபது. ஆள் குள்ளம், குரல் பெரிசு. இடதுசாரி இளைஞர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை கிண்டர் மீது கூட்டமாக ஏறப்போகிறோம் என்று துண்டுப் பிரசுரம் அடித்தார், பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரயில் நிலையத்தில் தடை உத்தரவோடு காத்திருப்பார்கள் என்று தெரிந்து, சைக்கிளில் ஹேஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கல் குவாரியில் கூட்டம். பேச வேண்டியவர் பின்வாங்கிவிட, ராத்மனே ஒரு பாறை மேல் ஏறிப் பேசினார். பிறகு கிளம்பினார்கள். சுமார் நானூறு பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வில்லியம் கிளஃப் வரை அனுமதி உள்ள பாதை. அங்கிருந்து சட்டென்று பக்கவாட்டில் திரும்பி மேட்டில் ஏறினார்கள். காவல்காரர்கள் கம்போடு வந்தார்கள். தள்ளுமுள்ளு. ஒரு காவல்காரருக்குக் கணுக்காலில் அடி. மேலே போய், எடேல் பக்கத்திலிருந்து ஏறி வந்த இன்னொரு குழுவைச் சந்தித்து, கொண்டாடிவிட்டு இறங்கினார்கள். கீழே போலீஸ் ரெடி. ஆறு பேர் கைது.

ஜூலையில் டார்பி நகரில் விசாரணை. ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்த ஜூரி வழக்கை ஏற்றது. குற்றம் என்ன? அத்துமீறி நுழைந்தது இல்லை. அதற்குத்தான் சட்டத்தில் இடமில்லையே. கலவர நோக்கத்தோடு கூடியது, அடித்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் ஜெயில். ராத்மனுக்கு நாலு மாதம்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். நடைப் பயணச் சங்கங்களே இந்தக் காரியத்தை ஆதரிக்கவில்லை. கோர்ட்டு, மனு, பேச்சுவார்த்தை என்று பல வருஷம் பாடுபட்டவர்கள் அவர்கள். மலைகளுக்குள் போக அனுமதி கேட்டு முதல் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது 1884-ல். அரை நூற்றாண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பொடியன்கள் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்களுக்குக் கடுப்பு. ஆனால் ஜெயில் தண்டனை என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. சில வாரங்களில் பக்கத்து வின்னட்ஸ் கணவாயில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது.

* * *

யுத்தம் முடிந்தது. 1949-ல் புதுச் சட்டம் வந்தது. அதில்தான் நம் கேள்விக்கு முதல்முறையாக அரசாங்கம் ஒரு பதில் சொன்னது.

ஒவ்வொரு மாவட்டக் கவுன்சிலும் தன் எல்லைக்குள் ஜனங்கள் நடக்க உரிமை உள்ள பாதைகளை எல்லாம் தேடி, ஒரு வரைபடம் போடவேண்டும். உறுதி வரைபடம். அதில் ஒரு பாதை இருந்தால் கதை முடிந்தது. பிரபு என்ன சொன்னாலும் கோர்ட்டில் அதுவே சாட்சி. பிறகு ஆர்டினன்ஸ் சர்வேயும் அதைப் பார்த்துத் தன் வரைபடங்களில் உரிமைப் பாதைகளைத் தனி நிறத்தில் காட்ட ஆரம்பித்தது. கறுப்பில் இருந்தால் தரையில் இருக்கிற வழி. நிறத்தில் இருந்தால் உனக்கு உரிமை உள்ள வழி. ஒரே தாளில் இரண்டு உண்மை. இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப் பதிவான பாதைகளின் நீளம் சுமார் 1,40,000 மைல்.

சபாஷ்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தேடிப் பதிவு செய்கிற வேலை ஊர்க் கவுன்சில்கள் கையில் வந்தது. சில ஊர்களில் வாத்தியாரும் தபால்காரரும் வெயிலில் மழையில் நடந்து ஒவ்வொரு வழியையும் எழுதினார்கள். சில ஊர்களில் கவுன்சிலில் உட்கார்ந்திருந்ததே நிலத்துக்காரர்கள். எழுதுவார்களா? விளைவு, இந்த ஊர் எல்லைவரை ஜோராக வருகிற உரிமைப் பாதை, அடுத்த ஊர் எல்லையைத் தொட்டதும் வயலுக்கு நடுவே அம்போவென்று நின்றுவிடும். தரையில் பாதை போய்க்கொண்டேதான் இருக்கும். தாளில் இருக்காது.

இதற்கு ஒரு கெடுவும் வைத்தார்கள். விட்டுப்போன பழைய பாதைகளைப் பதிவு செய்ய 2026 ஜனவரி 1 கடைசி நாள் என்று 2000-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒருமுறை பொதுவழி என்றால் எப்போதும் பொதுவழி என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. அதையே ஒரு காலண்டர் தாள் அடித்துவிடும் நிலை. ராம்ப்ளர்ஸ் என்ற நடைப் பயணச் சங்கத்தின் தொண்டர்கள் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார்கள். காணாமல் போயிருக்கக்கூடிய பாதைகள் 49,000 மைல் என்று கணக்கு வந்தது. 2023-ல் கெடுவை 2031-க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது.

கவனியுங்கள். அந்தப் பழைய பாதைகளை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? போகலாமா என்று எங்களைக் கேட்காதே என்று கைகழுவிய அதே பழைய வரைபடங்களை வைத்துத்தான். மூடிய பாதை, சண்டையில் இருந்த பாதை என்று ஒதுக்காமல், அன்றைக்கு அந்த சர்வேயர்கள் இருந்ததை இருந்தபடி வரைந்து வைத்ததால்தான் பேரனுக்கு ஆதாரம் கிடைத்தது.

* * *

அப்படியானால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம்.

1965-ல், கிண்டர் அத்துமீறலின் அதே ஏப்ரல் 24-ம் தேதி, எடேலில் தொடங்கும் பென்னைன் வே என்ற நீண்ட நடைபாதையைத் திறந்தார்கள். வரைபடத்தில் கோடு விழுந்ததும் கூட்டம் விழுந்தது. பல ஆயிரம் ஆண்டு படிந்த சதுப்பு மண் ஆயிரக்கணக்கான பூட்ஸ் கால்களில் கரைந்தது. கடைசியில் கல் பாவவேண்டி வந்தது. பல இடங்களில் போட்ட பலகைக் கற்கள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? இடித்த பழைய பஞ்சு மில்களின் தரைக் கற்கள். ஹெலிகாப்டரில் கட்டி எடுத்துப்போய் இறக்கினார்கள். எந்த மில்லிலிருந்து தப்பித்து ஜனங்கள் மலைக்கு ஓடினார்களோ அந்த மில்லின் தரை, மலையைக் காப்பாற்ற மேலே ஏறியிருக்கிறது.

2001-ல் கோமாரி நோய் வந்தபோது பிரிட்டனில் கிராமத்துப் பாதைகளைப் பெருமளவில் மூடினார்கள். உரிமை இருந்தது, வரைபடத்தில் நிறமும் இருந்தது. ஆனால் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு நோய் அடுத்த பண்ணைக்குப் போய்விடும் என்ற பயம். அது பிரபுவின் அடாவடி இல்லை. நியாயமான காரணம்.

2021-ல் ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் சிகரத்துக்கு வழி கேட்டவர்களுக்கு கூகுள் மேப் காட்டிய வழி உயிரையே வாங்கக்கூடியது என்று மலையேற்ற அமைப்புகள் எச்சரித்தன. பாறைச் சரிவுக்கு மேல் புள்ளி வைத்த கோடு. அது கோடு இல்லை, குழி.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அந்த வழிக்கு வனத்துறை அனுமதி இல்லை என்றது அரசுத் தரப்பு. காய்ந்த புல், ஏறுவெயில், தப்பிக்கப் பக்க வழி இல்லாத சரிவு. அந்த வருஷமே மலையேற்றத்துக்குப் புது விதிகள் வந்தன. 2024 அக்டோபரில், இந்தெந்த 40 வழிகளில் வழிகாட்டியோடு போகலாம் என்று தமிழக அரசே ஒரு பட்டியல் போட்டுத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத வழி, மலையில் இல்லாத வழியா?

மலையில் அது இருக்கிறது. மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். தேன் எடுக்கிறவருக்குத் தெரியும். முந்தின வாரம் போய்வந்தவர் போனில் கோடாகப் பதிந்து நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பார். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அது ஏன் மூடப்பட்டது, எந்த மாதத்தில் அங்கே நெருப்பு ஓடும் என்கிற தகவல். அதிகாரபூர்வ வரைபடம் அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டால், அந்தத் தகவலைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

மறைப்பதால் பாதை மறைவதில்லை. எச்சரிக்கைதான் மறைகிறது.

ஆக, காட்டவேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் பொடி எழுத்தில் கைகழுவிவிட்டு அல்ல. இது மூடிய பாதை, இன்னார் மூடினார்கள், இன்ன காரணம், இத்தனை நாளைக்கு என்று பளிச்சென்று எழுதிக் காட்டவேண்டும். காரணம் தீ என்றால் ஜனங்கள் பயந்து நிற்பார்கள். காரணம் கூடு கட்டும் பறவை என்றால் பெரும்பாலோர் மதித்து ஒதுங்குவார்கள். காரணம் ஒரு பெரிய மனிதரின் வேலி என்றால் கேட்கத் தொடங்குவார்கள். வெள்ளையாக விட்டால் நிம்மதி அந்த மூன்றாவது ஆசாமிக்குத்தான். அபூர்வத்திலும் அபூர்வமாகச் சில இடங்கள் விதிவிலக்கு. ஓர் அரிய பறவையின் கூட்டுக்கே கொண்டுபோய் விடுகிற வழியைத் தாளில் போட்டுத் திருடனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விதிவிலக்கையும் யாராவது கையெழுத்துப் போட்டு, காரணம் எழுதி வைக்கவேண்டும்.

2002-ல், கிண்டரின் எழுபதாம் ஆண்டு விழா. ராத்மன் அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். மேடையேறிய பதினோராவது டெவன்ஷைர் பிரபு, தன் தாத்தா செய்தது பெரிய தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2000-ம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் மலைகளும் தரிசுகளும் திறந்தபோது, 2004 செப்டம்பரில் முதல் தவணையிலேயே கிண்டர் பகுதியும் வந்தது. ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் அந்த நிலம் இன்று மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. போகலாம் என்று அர்த்தம்.

நம் ஊரில் மஞ்சள் நிறமெல்லாம் வேண்டாம். தாலுகா ஆபீசில் உங்கள் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டிப் பாதை, நடைபாதை எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் காம்பவுண்டுச் சுவர் நிற்கும், கேட்டில் ஒரு போர்டும் தொங்கும். சுவரைக் கட்டியவருக்கு எல்லா வசதியும் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்தத் தாளில் இருக்கிற கோட்டை அவரால் அழிக்க முடியவில்லை. என்றைக்கோ வெயிலில் சங்கிலி பிடித்து அளந்த ஒரு சர்வேயர், இருந்ததை இருந்தபடி வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். மனு எழுத அது போதும்.